சார்ஜ் இறங்காத ஹெட்போன்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கடையிலிருந்து வந்த பொருளின் உறையைக் கிழித்துவிட்டால், அதற்கப்புறம் அதைப் பற்றி யாரும் குறை சொல்லக் கூடாது. சட்டம் போட்டவர் என் வீட்டுக்காரர். "வீட்டுக்குள்ள வந்தாச்சுன்னா அது நம்ம வீட்டு ஆளு. ஆளைக் குறை சொல்லலாமா?" என்பார். ஆளைக் குறை சொல்லாத வீடு உலகத்தில் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில், எதற்கு வம்பு என்று தலையாட்டி வைத்தேன். அன்று ஆட்ட ஆரம்பித்த தலையை அப்புறம் நிறுத்தவே முடியவில்லை.

ஆகவே எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் நல்ல பொருள். ஃப்ரிட்ஜ் கதவை முழங்காலால் ஓர் இடி இடித்தால்தான் மூடும், நல்ல ஃப்ரிட்ஜ். இஸ்திரிப் பெட்டி சட்டையில் பழுப்பாக ஒரு முத்திரை குத்தும், நல்ல பெட்டி. வாஷிங் மெஷின் துணியைப் பிழியும்போது அறை முழுக்க நடந்து வாசல்வரை வந்து எட்டிப் பார்க்கும். அதுவும் நல்ல மெஷின்தான், போன மாதம் ஒரேயடியாக நின்று போகிற வரைக்கும்.

இவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டடத்தின் லிஃப்டைக் காலையில் பிரித்துப் போட்டு மாலைக்குள் ஓட வைத்துவிடுவார், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதனாலேயே, ஒயர் என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளும் தனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு. கடைக்குப் போனால் விற்பவனுக்கே பாடம் நடத்துவார். விற்பவன் "ஆமா சார், ஆமா சார்" என்று தலையாட்டியபடியே தான் தள்ளிவிட நினைத்ததை இவர் தலையில் கட்டிவிடுவான்.

எங்கள் மகள் கீபோர்டு வாசிக்கிறாள். பதின்மூன்று வயது. இவர் வேலைக்குப் போன ஒரு வீட்டில் மூலையில் கிடந்ததைப் பேசி, சல்லிசாக வாங்கி வந்த கீபோர்டு அது. இவர் வாங்கியதிலேயே உருப்படியான பொருள். டீச்சரிடம் அனுப்பினோம். ஒரு வருஷத்தில் டீச்சரே என்னைக் கூப்பிட்டு, இசைப் பள்ளியில் தேர்வு ஒன்று வைக்கிறார்கள், அதில் எடுபட்டால் மூன்று வருஷம் சம்பளமே கட்டாமல் படிக்கலாம், இவளுக்கு அந்தக் கை இருக்கிறது என்றார். எங்களுக்கு அது பெரிய விஷயம். டீச்சருக்குக் கொடுக்கிற சம்பளத்தையே அந்த மாதத்தோடு நிறுத்த வேண்டியதுதான் என்று நாங்கள் இரண்டு பேரும் தனித்தனியாக முடிவு செய்து, ஒருவருக்கொருவர் சொல்லாமல் வைத்திருந்தோம். அந்த இடம் கிடைத்தால் படிப்பு தொடரும். கிடைக்காவிட்டால் நின்றுவிடும்.

யானை வாங்கியாயிற்று, அங்குசத்துக்கு அழுகிற கதை அப்புறம்தான் ஆரம்பித்தது. கீழ்வீட்டுத் தம்பி ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ். பகலில்தான் தூங்க முடியும். மகள் பள்ளி விட்டு வந்து உட்காரும் நேரம் அவனுக்கு நடு ராத்திரி மாதிரி. பாவம், பல நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டு ஓனரிடம் சொன்னான். ஓனர் வந்து, இனிமேல் அந்தப் பெட்டியின் சத்தம் எந்த நேரத்திலும் வெளியே வரக் கூடாது, வந்தால் பெட்டியோடு நீங்களும் வெளியே போகலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள்தான் செய்துவிடுவார்கள்.

வீட்டில் ஒரு பழைய ஹெட்போன் இருந்தது. அதன் ஒயர் கழுத்தில் விட்டுப்போய், தலையை இடது தோளில் சாய்த்தால்தான் சத்தம் கேட்கும். பிள்ளை கோழி மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டே வாசித்தாள். ராத்திரி கழுத்து வலிக்கிறது என்பாள். புதிது வாங்கித்தான் ஆக வேண்டும். வாஷிங் மெஷினுக்கென்று சேர்த்திருந்த பணத்தில் ஒரு பங்கை எடுத்து இவர் கையில் கொடுத்து, இதற்குமேல் ஒரு காசு கிடையாது என்றேன்.

கொடுத்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. சாப்பிடும்போது ஒரு கையில் போன். எவனோ ஒருவன் ஒவ்வொரு ஹெட்போனாகப் பெட்டியைத் திறந்து, மோந்து பார்க்காத குறையாகப் பேசுவான். இவர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து ஒப்பிப்பார். இதில் பேஸ் அதிகம், அதில் காதுப் பஞ்சு சரியில்லை, இன்னொன்றில் எல்லாம் சரி, ஆனால் நிறம் மட்டும் ஒரு மாதிரி. நிறத்தை வைத்துக் காது என்ன செய்யப் போகிறது என்று கேட்டேன். எனக்கு இதெல்லாம் புரியாதாம். மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவளுக்குக் கேட்கிற பொறுமை எங்கே இருக்கிறது? தேர்வுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, இவர் இன்னும் பஞ்சிலேயே இருந்தார்.

பொறுக்க முடியாமல் ஒரு சனிக்கிழமை நானும் கூடவே கிளம்பினேன். முதல் கடையில் நல்லதெல்லாம் எங்கள் பணத்துக்கு இரண்டு மடங்கு. இரண்டாவது கடையில் எங்கள் பணத்துக்கு இருந்ததைக் கையில் எடுத்ததும் ஒரு பக்கத்துக் காது கழன்று கீழே விழுந்தது. விற்கிற பையன் அதைக் குனிந்து எடுத்து மாட்டிவிட்டு, "இப்பப் பாருங்க" என்றான். மூன்றாவது கடைக்குள் நுழைந்தபோது எனக்குக் கால் கடுத்துவிட்டது. அங்கேதான் அந்த ஒயர் இல்லாத ஹெட்போன் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. பாதி விலை என்று சிவப்புச் சீட்டு. இவர் கண் அங்கே போய் ஒட்டிக்கொண்டது.

கீபோர்டில் குத்துகிறதற்கு ஒயர் வேண்டாமா என்றேன். கடைக்காரர் ஒரு சின்ன டப்பாவை எடுத்து வைத்தார். அதைக் கீபோர்டில் செருகிவிட்டால் சத்தம் காற்றிலேயே ஹெட்போனுக்கு வந்துவிடுமாம். டப்பாவுக்குத் தனி விலை. நான் சொன்ன எல்லை அங்கேயே தாண்டிவிட்டது. ஒயர் இருந்தால்தானே அறுந்து போகும், ஒயரே இல்லாவிட்டால் எது அறுந்து போகும் என்று இவர் என்னிடம் வாதாடினார். அறுந்து போகிறது என் பொறுமைதான் என்று நான் சொல்லவில்லை. கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உறையின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் கிழித்தார். அட்டைப் பெட்டியைப் பிய்த்துக் குப்பையில் போட்டார். புதியது வந்த அன்றே பழையது வெளியேற வேண்டும் என்பது சட்டத்தின் இரண்டாம் பிரிவு. பழைய ஹெட்போனின் ஒயரை வெட்டி, எதற்காவது ஆகும் என்று கருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு புதியதைத் தன் தலையில் மாட்டி, ஒரே ஒரு கட்டையை அமுக்கி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சாமி வந்த மாதிரி தலை ஆடியது. மகள் தலையில் மாட்டிவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவள் கொஞ்ச நேரம் வாசித்தாள். நிறுத்தினாள். மறுபடி வாசித்தாள். புருவம் லேசாகச் சுருங்கிய மாதிரி எனக்குப் பட்டது. அப்புறம் அப்பாவைப் பார்த்து, "நல்லா இருக்குப்பா" என்றாள்.

மறுநாளிலிருந்து வீடு அமைதியானது. டீச்சரின் வகுப்பு மாதக் கடைசியோடு நின்றிருந்தது, தேர்வுக்கு அவள் வீட்டில் தனியாகத்தான் பழகினாள். நான் வேலை முடிந்து வந்து சமையலறையில் நிற்கும்போது உள்ளறையிலிருந்து கட்டைகள் டொக் டொக்கென்று தட்டுப்படுகிற ஓசை மட்டும் வரும். கீழ்வீட்டுத் தம்பி படியில் என்னைப் பார்த்து, இப்படித் தூங்கி எத்தனை மாதமாயிற்று என்று கும்பிடாத குறையாக நன்றி சொன்னான். இவருக்கோ பெருமையில் இருப்புக் கொள்ளவில்லை. முக்கியமாக பேட்டரி. "பாத்தியா, வாங்கி ஒரு வாரமாச்சு, இன்னும் சார்ஜே போடல" என்றார். இரண்டாவது வாரமும் போடவில்லை. கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் சொல்லி, அதில் ஒருவர் அதே ஹெட்போனை வாங்கியும்விட்டார். அவருடையது இரண்டாம் நாளே சார்ஜ் இறங்கிவிட்டது என்றபோது, உனக்குப் பொருளைப் பார்த்து வாங்கத் தெரியவில்லை என்று இவர் அவருக்கு அறிவுரை சொன்னாராம்.

தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தது. பால் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். மகள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் பறந்தன. பார்க்கவே பெருமையாக இருந்தது. தம்ளரை வைக்க இடம் தேடியபோது கண்ணில் பட்டது. கீபோர்டின் சிவப்பு விளக்கு எரியவில்லை. ஒயரைப் பார்த்தேன். பிளக் சுவரிலிருந்து கழன்று தரையில் கிடந்தது. ஹெட்போன் தலையில் இருந்தது, அதிலும் விளக்கு இல்லை. செத்த பெட்டியில், செவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிள்ளை வாசித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஏமாற்றுகிறாளா என்று நினைத்தேன். தோளைத் தொட்டதும் துள்ளித் திரும்பினாள். என்ன இது என்றேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தட்டினதுக்கு அப்புறம்தாம்மா சத்தம் வருது. கொஞ்சம்தான். ஆனா விரல் அதுக்காக நின்னு நின்னு போகுது. வேகமா வாசிக்கவே முடியல. அதான் ஆஃப் பண்ணிட்டு மனசுக்குள்ளயே கேட்டுக்கிட்டு வாசிக்கிறேன்."

"எத்தனை நாளா?"

"வாங்கின அன்னிலேர்ந்து."

அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா, போய் மாற்றியிருப்போமே என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அப்பா ஸ்டிக்கரைக் கிழிச்சிட்டாரேம்மா" என்றாள்.

யார் மேல் கோபப்படுவது? பாதி விலைச் சீட்டு எழுதியவன் மேலா, சட்டம் போட்டவர் மேலா, அதற்குத் தலையாட்டிய என் மேலா? இவர் சட்டையில் முத்திரையோடு வேலைக்குப் போவதையும், நான் ஃப்ரிட்ஜை முழங்காலால் இடித்துவிட்டு "நல்லா இருக்கு" என்பதையும் பார்த்துப் பார்த்துத்தானே இந்தப் பிள்ளை வளர்ந்திருக்கிறாள்.

இவர் வந்ததும் கைகால் கழுவக்கூட விடவில்லை. பிளக்கைச் சொருகி, எல்லாவற்றையும் போட்டு, ஹெட்போனை இவர் தலையில் மாட்டினேன். "தட்டுங்க. ஒண்ணு இல்ல, கடகடன்னு தட்டுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே தட்ட ஆரம்பித்தார். சிரிப்பு நின்றது. இன்னும் வேகமாகத் தட்டினார். விரலைப் பார்த்தார், காதைத் தொட்டுப் பார்த்தார். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "பட்டனை அமுக்கினதுக்கு அப்புறம் யோசிச்சுட்டுக் கிளம்புற லிஃப்ட் மாதிரி இருக்கே" என்றார். நடந்ததைச் சொன்னேன். மகளைப் பார்த்தார். பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிரித்த பொருளை வாங்க மாட்டோம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். அதே வார்த்தையை மருந்துக் கடையில் நானே ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது சொல்கிறேன், அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திரும்பும்போது நடைபாதைக் கடையில் ஒயர் வைத்த ஹெட்போன் ஒன்றை, பையில் மிச்சமிருந்த பணத்துக்கு வாங்கி வந்தார். அதன் முனையில் கீபோர்டின் பெரிய துளைக்கு ஏற்ற மூக்கு ஒன்றையும் கேட்டு வாங்கியிருந்தார். முதல் நாளே இதை வாங்கியிருந்தால் வாஷிங் மெஷினே சரியாகியிருக்கும்.

மகள் மாட்டிக்கொண்டு வாசித்தாள். நடுவில் நின்றாள். பின்னால் போய் மறுபடி அதே இடத்துக்கு வந்தாள். மறுபடியும் நின்றாள். முகம் வெளிறிவிட்டது. இடது கை ஓர் இடத்தில் பக்கத்துக் கட்டையை அமுக்குகிறது, இத்தனை நாளும் மனசுக்குள் சரியாகவே கேட்டுக்கொண்டிருந்தது என்றாள். அந்த இடத்தை மெதுவாக வாசித்தால் சரியாக வந்தது. வேகமாகப் போனால் விரல் தானாகத் தப்பான கட்டைக்கே போனது. விரலுக்கு யார் சட்டம் சொல்வது? அது பழகியபடிதான் போகும்.

இவர் வாசலோரமாக நின்றபடி, புதியது எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"நல்லா இருக்குப்பா" என்றாள் அவள். கழற்றியபோது அவளுடைய இரண்டு காதும் இறுக்கத்தில் ரத்தச் சிவப்பாக இருந்தன.

அங்கேதான் எனக்கு வெடித்தது. இத்தனை வருஷமாக மென்று முழுங்கியதெல்லாம் வெளியே வந்தது. ஃப்ரிட்ஜைச் சொன்னேன், இஸ்திரிப் பெட்டியைச் சொன்னேன், வாசலுக்கு நடந்து வரும் மெஷினைச் சொன்னேன். "தானமா வந்த மாட்டைத்தாங்க பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது. காசு குடுத்து வாங்கின மாட்டைப் பாக்கலாம். இந்த வீட்டுல நல்லா இருக்குன்னு சொன்னா அது நெசமா பொய்யான்னே தெரிய மாட்டேங்குது" என்றேன். இவர் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். மகள் காது வலியோடு மறுபடி முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

தேர்வு ஒரு சின்னக் கூடத்தில் நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்கள், பெற்றவர்கள் பின்வரிசையில். மகள் நன்றாகத்தான் வாசித்தாள். அந்த இடம் வந்தபோது நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தப்பான கட்டை, எனக்கே கேட்டது. அதற்கப்புறம் அவள் பதறிவிட்டாள், இன்னும் இரண்டு இடத்தில் விரல் தப்பியது. பள்ளியின் இடம் வேறொரு பிள்ளைக்குக் கிடைத்தது. கேட்ட மூவரில் நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாள் மகளைக் கூப்பிட்டு, விரல் நன்றாக ஓடுகிறது, ஆனால் தப்பு அழுத்தமாகப் பதிந்திருக்கிறது, அதை அழித்துவிட்டு அடுத்த வருஷம் வா என்றார். அன்பாகத்தான் சொன்னார். அடுத்த வருஷம் வரைக்கும் டீச்சர் கிடையாது என்பது அவருக்குத் தெரியாது. இனி அவளுக்கு வாத்தியார் அவளுடைய காதுதான்.

பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தோம். மகள் ஜன்னலோரம். அழுது முடித்திருந்தாள். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. ரொம்ப தூரம் போனபிறகு இவர் அவள் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, அந்த ஒயர் ஹெட்போன் எப்படி இருக்கு? அப்பாவுக்காக சொல்லாத. உள்ளதைச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

"காது வலிக்குதுப்பா" என்றாள். இவர் அடுத்தது என்ன என்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒயர் குட்டையா இருக்கு, நிமிர்ந்து உக்கார முடியல. இடது பக்கம் சத்தம் கம்மி. இடது கை என்ன பண்ணுதுன்னே சரியா கேக்கல." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் அந்த ஒயர் இல்லாதது. அது எனக்குப் பிடிக்கவே இல்லப்பா."

"சரிம்மா" என்றார் இவர்.

பஸ் கடைத்தெருவில் நின்றதும் எழுந்து, நீயும் வா என்று அவளைக் கூப்பிட்டார். போன தடவை நாங்கள் இரண்டு பேரும் கடை கடையாக ஏறி இறங்கினோமே, வாசிக்கிறவளைக் கூட்டிக்கொண்டு போக எங்கள் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என் பையில் வாஷிங் மெஷின் பணத்தில் மிச்சம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். கை இருக்கிறது, துவைத்துக்கொள்ளலாம்.

அவர்கள் இறங்கிப் போக, நான் மட்டும் வீட்டுக்கு வந்து, ஒயர் இல்லாத அந்த மாப்பிள்ளையைத் தலையில் மாட்டி, போனில் பாட்டைப் போட்டுக்கொண்டு வாளியில் துணியை ஊறவைத்தேன். வெறுமனே பாட்டு கேட்பதற்கு அது அருமையாகத்தான் இருந்தது, அதுவே எனக்கு எரிச்சலை மூட்டியது. பாதித் துணி அலசியிருப்பேன், பாட்டு நின்று போன் மணி அடித்தது, பட்டனைத் தட்டியதும் இவர் குரல் வந்தது. கடையின் மூலையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறார் என்று தெரிந்தது.

"ஏம்மா, மானம் போகுது. கடையில இருக்கிற கீபோர்டுல குத்திக் குத்திப் பாக்குறா. எட்டு ஹெட்போன் ஆச்சு. ஒண்ணு இறுக்குதாம், ஒண்ணு தொளதொளங்குதாம், ஒண்ணுல மேல் சத்தம் குத்துதாம். எதைக் குடுத்தாலும் ஒரு குறை சொல்றா. கடைக்காரர் முறைக்கிறாரு."

"எதையாவது உறையைக் கிழிச்சுட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல."

"அப்ப அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் அங்கேயே நில்லுங்க" என்றேன்.